கவுன்டர் மூடிய பிறகு

மாலை 4 மணிக்கு நான் கவுன்டரை மூடும்போதெல்லாம் வரிசையில் ஒருவராவது கடிகாரத்தைக் காட்டிக் கேட்பார்: "அலுவலகம் 5.30 வரை இருக்கிறதே?" இருக்கிறதுதான். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் வசூலான பணத்தை எண்ண வேண்டும், ரசீதுகளைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும், மனுக்களைப் பிரிவு வாரியாகப் பிரித்து அனுப்ப வேண்டும். கணக்கு சிறிது இடித்தாலும் இருக்கையை விட்டு எழ முடியாது.

காலையில் ஒரு நிமிடம் பிந்தினால் கைரேகை இயந்திரம் சிவப்பில் காட்டிவிடுகிறது. இரவு 7 மணிக்குக் கிளம்பினால் ஏன் என்று கேட்க ஆளில்லை. (ஆனாலும் வீம்புக்கு விரலை வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.)

எட்டு மணி நேர வேலை வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் தொழிற்சாலைகளுக்கும், 1930-இல் வணிக நிறுவனங்கள், அலுவலகங்களுக்கும் உடன்படிக்கையாகக் கொண்டுவந்தது. இரண்டாவதில், அரசு நிர்வாக அலுவலகங்களுக்கு விலக்கு அளிக்க நாடுகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். படித்ததும் சிரித்துவிட்டேன்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய அரசு அலுவலகங்களில் 2022 ஜனவரி முதல் வாரத்துக்கு நாலரை நாள்தான் வேலை. வெள்ளிக்கிழமை நண்பகலோடு முடிந்துவிடும். எனக்கு அந்த அரைநாள்கூட வேண்டாம். கவுன்டர் நேரம் இது, கணக்கு முடிக்கும் நேரம் இது என்று வாசலில் ஒரு பலகை போதும். மேலதிகாரியிடம் இரண்டு முறை கேட்டேன். நிதி ஒதுக்கீடு இல்லையாம். போன வாரம் நானே தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன்.