அரசியலமைப்புத் தாளை இரண்டாம் முறை எழுதியபோது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பகலில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டு, இரவில் தொலைநிலைக் கல்வி வழியாகச் சட்டம் படித்தவள் நான். அரசியலமைப்புச் சட்டத் தாளில் முதல்முறை தோற்றேன். தனியார் காட்டும் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டங்களுக்கு எதிரான அரசியலமைப்பு ஆட்சேபங்களை மதிப்பிடச் சொன்ன ஒரு வினாதான் என்னைக் கவிழ்த்தது. இதே தாளை எழுதவிருக்கும் தோட்டப்புறத்துத் தம்பி தங்கைகள் சிலர் குறிப்புக் கேட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன் வார இறுதி வகுப்புகளுக்காக ஈப்போவில் அறை தேடினேன். தொலைபேசியில் வாடகை வரை பேசி முடித்த வீட்டுக்காரர், என் பெயரைக் கேட்டதும் அறை போய்விட்டது என்றார். அந்தக் கோபத்தோடு வினாத்தாளைத் திறந்தவள், பாகுபாடு எவ்வளவு கொடியது என்று மூன்று பக்கம் எழுதினேன். அது கொடியதா என்று யாரும் கேட்கவில்லை. அதைத் தடுக்கும் அதிகாரம் சட்டமியற்றும் மன்றத்திற்கு உண்டா, உண்டென்றால் அந்தத் தடை வேறொருவரின் எந்த உரிமையில் கை வைக்கிறது என்பவையே வினாவுக்குள் இருந்த இரண்டு கேள்விகள். இரண்டையும் நான் தொடவே இல்லை.

இரண்டாம் முறைக்கு என்னைத் தயார்ப்படுத்தியவர், தாம் அறியாமலே, என் தாய்மாமா. அவருக்கு டவுனில் மளிகைக் கடை. கீழே கடை, நடுவில் குடும்பம், மேல்மாடியில் வாடகைக்கு இரண்டு அறைகள். படிக்கட்டு ஓரத்தில் ஓர் அட்டை தொங்கும்: 'ரூம் வாடகைக்கு. இந்தியர் மட்டும்.' ஒரு நாள் மாலை பங்களாதேஷ்காரர் ஒருவர் அறை கேட்டு வந்து திரும்பிப் போனதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஈப்போவில் நடந்ததும் இதுதானே என்று கேட்டேன். மாமா கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கட்டடம் என்னுது, பேங்க் கடன் கட்டுறதும் நான்தான். சாவிய யாருக்குக் குடுக்கணும்னு கவர்மெண்டா வந்து சொல்லும்?" என்றார். அன்றிரவு அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல் வழக்கை மறுபடி எடுத்துப் படித்தபோது, எதிர்த்தரப்பின் வாதம் மாமாவின் குரலிலேயே கேட்டது.

அந்த வழக்கை நுனிப்புல் மேயாமல் படியுங்கள். 216 அறைகள் கொண்ட மோட்டலின் உரிமையாளர் மோர்ட்டன் ரோல்ஸ்டன் தாமே வழக்கறிஞர்; அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தாமே வாதாடினார். கறுப்பினத்தவருக்கு அறை தர மறுக்கக் கூடாது என்ற 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் மீது அவர் மூன்று ஆட்சேபங்களை வைத்தார். மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தம் மோட்டல் வரை நீளாது என்பது முதலாவது. விருந்தினரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிப்பது ஐந்தாவது திருத்தத்தை மீறுகிறது என்பது இரண்டாவது. விருப்பமில்லாதவருக்குச் சேவை செய்ய வைப்பது, அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தம் தடுக்கும் கட்டாய ஊழியமே என்பது மூன்றாவது. நீதிமன்றம் ஒருமனதாக மூன்றையும் தள்ளியது. விருந்தினரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வெளிமாநிலத்தவர் என்பதால் முதலாவது நிற்கவில்லை. 32 மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் ஏற்கெனவே இருந்ததையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

வணிக அதிகாரம் என்ற சுற்றுவழியில் ஏன் போனார்கள் என்று தேர்வாளர் துணைக்கேள்வி கேட்பதுண்டு. விடை 1883இல் இருக்கிறது. விடுதி, நாடக அரங்கு, பொது வாகனம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுத்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை, சமப் பாதுகாப்பு தரும் பதினான்காவது திருத்தம் மாநில அரசின் செயலை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்று கூறி அந்த நீதிமன்றம் 1883இல் செல்லாததாக்கியிருந்தது. நீதிபதி ஹார்லன் ஒருவர்தான் மறுத்து எழுதினார். 1964இல் அந்தத் தீர்ப்பை உடைக்காமல் வேறு வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

ரோல்ஸ்டன் கேடயமாகப் பிடித்த பதின்மூன்றாவது திருத்தத்தை, நான்கே ஆண்டுகளில் நீதிமன்றம் எதிர்ப்பக்கத்திற்கு வாளாக்கித் தந்தது. 1968ஆம் ஆண்டின் ஜோன்ஸ் வழக்கில், அந்தத் திருத்தத்தின் அடிப்படையில் 1866இல் இயற்றப்பட்ட பழைய சட்டம், சொத்தை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் தனியார் காட்டும் இனப் பாகுபாட்டையும் தடுக்கிறது என்று தீர்ப்பானது. இந்த ஒரு வரியை எழுதியதற்கே எனக்குத் தனி மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

தன் கருத்துக்கு மாறானதைப் படைக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பேச்சுரிமை ஆட்சேபம்தான் இன்றைக்கு உயிரோடு இருப்பது. இங்கே பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள். 2018ஆம் ஆண்டின் மாஸ்டர்பீஸ் கேக்கடை வழக்கில், ஒருபாலினத் திருமணத்திற்குக் கேக் செய்ய மறுத்த கடைக்காரர் வென்றது பேச்சுரிமையால் அன்று. கொலராடோ மாநிலக் குடிமை உரிமை ஆணையம் அவருடைய சமய நம்பிக்கையைப் பகைமையோடு நடத்தியது என்பதால். பேச்சுரிமையால் வென்றவர் 2023ஆம் ஆண்டின் 303 கிரியேட்டிவ் வழக்கில் வந்த, ஒருபாலினத் திருமணங்களுக்குத் தளம் அமைக்க விரும்பாத இணையத்தள வடிவமைப்பாளர், அதுவும் ஆறுக்கு மூன்று என்ற பிளவில். இவ்விரண்டையும் குழப்பினால் தேர்வாளரின் பேனா உடனே சிவக்கும்.

மலேசியப் பகுதிக்கு இரண்டு கர்ப்பிணிப் பெண்களின் வழக்குகளை அடுத்தடுத்து வையுங்கள். மலேசிய விமான நிறுவனத்தின் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் கர்ப்பமுற்றதால் வேலையை இழந்தார். சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 8ஆவது விதி அரசையும் பொது அதிகாரிகளையுமே கட்டுப்படுத்தும், கூட்டு ஒப்பந்தம் அந்த விதி குறிப்பிடும் 'சட்டம்' ஆகாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூர்பாடில்லா என்ற தற்காலிக ஆசிரியைக்கும் கர்ப்பம் காரணமாகவே நியமனம் பறிபோனது; ஆனால் அவரை நியமித்தது கல்வித் துறை. 2011இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் அவர் வென்றார். காரணம் ஒன்று, முதலாளி வேறு, முடிவு வேறு. எந்தக் காரணங்களால் பாகுபாடு காட்டக் கூடாது என்று அடுக்கும் 8(2)இல் 2001இல்தான் 'பாலினம்' என்ற சொல் சேர்ந்தது என்பதையும் விடாதீர்கள். தனியார் துறையில் இருந்த ஓட்டையை அடைக்க, 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்குப் பாகுபாட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரம் தந்தது. ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தப் பிரிவு வரையறுக்கவே இல்லை. என் பார்வையில் அது பாதிக் கதவு.

நம் நாட்டு ஆட்சேபங்களுள் மிக உரக்க ஒலித்தது ஐசெர்ட் என்ற ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையைப் பற்றியது. அதை ஏற்றால் மலாய்க்காரர்களின், சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலையைக் காக்கும் 153ஆவது விதி போய்விடும் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். 2018 நவம்பரில் அரசு அதை ஏற்பதில்லை என்று அறிவித்தது. டிசம்பர் 8இல் கோலாலம்பூரில் எதிர்ப்பாளர்களின் பேரணி நடந்தது. இதை எழுதும்போது பக்கம் சாயாமல் இரண்டு தரப்பையும் அவற்றின் முழு வலுவோடு எழுதுங்கள். வெறும் ஒப்புதலால் 153ஆவது விதி மறையாது. அதைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவும் வேண்டும். சிறப்பு நடவடிக்கைகளுக்கு உடன்படிக்கையே இடம் தருகிறது. அதே வேளையில், நோக்கம் நிறைவேறியதும் அந்த நடவடிக்கைகள் நிற்க வேண்டும் என்றும் அது சொல்கிறது; 153க்கோ காலவரை இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனை வேண்டும் என்ற, அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் பரிந்துரை இறுதி வாசகத்தில் இடம்பெறவில்லை. ஆகவே எதிர்த்தவர்களின் அச்சம் முழுக்கக் கற்பனை என்று எழுதிவிட்டால் விடை பாதியில் நின்றுவிடும்.

மூன்று மணி நேரத்தில் நான்கு வினாக்கள் எழுத வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றுக்கும் முதல் ஐந்து நிமிடத்தை யார் கட்டுப்படுகிறார், எந்த அதிகாரம், எந்த உரிமை என்று மூன்று சொற்களில் குறித்துக்கொள்ளவே செலவிட்டேன். விடை ஆங்கிலத்தில் என்றாலும் அந்தக் குறிப்பைத் தமிழில்தான் எழுதினேன், வேகமாக வந்தது.

தேர்வு முடிந்த வாரம் மாமாவிடம் அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். உரிமையாளரே குடியிருக்கும் நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத கட்டடத்திற்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் 'இன்னார் மட்டும்' என்று விளம்பரம் செய்வதற்கு விலக்கு இல்லை என்றதும், "அப்போ அட்டைய கழட்டிட்டா போதுமாம்மா?" என்றார். போதாது மாமா, 1866ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும், அதில் சின்னக் கட்டடம் பெரிய கட்டடம் என்ற கணக்கே கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அது அமெரிக்கா. இங்க?" என்று கேட்டார். வாடகைக்கு வீடு விடும் தனியாரைத் தடுக்கும் சட்டம் இங்கே இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.