சிறுகோள் ஒளிவளைவு செய்முறை: மதிப்பெண் எங்கே போகிறது?

பல்கலைக்கழக வானாய்வகத்தில், சிறுகோளின் ஒளி நேரத்தோடு கூடிக் குறைவதை வரைந்து (இதுதான் ஒளிவளைவு) அதன் சுழற்சிக் காலத்தை அளக்கும் செய்முறைக்கு 14 அங்குலத் தொலைநோக்கியும் குளிரூட்டிய சிசிடி கேமராவும் தாராளம். மதிப்பெண் போவது இலக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் கடைசிக் கணக்கிலும்தான்.

சூரியனுக்கு நேர் எதிரே வரும் சமயத்தில், 14 மேக்னிட்யூடை (ஒளியளவு எண்; கூடக்கூட மங்கல்) விட மங்காத, 4 முதல் 6 மணி நேரத்தில் சுழலும் சிறுகோளாகப் பாருங்கள். ஈரோஸ் என்ற சிறுகோளுக்கு 5.27 மணி; நீண்ட இரவென்றால் முழுச் சுற்றும் கிடைத்துவிடும். 8, 12 மணிக்காரர்களைத் தொடாதீர்கள். அவை 24ஐ மீதியின்றி வகுப்பதால் மறுநாளும் அதே நேரத்தில் அதே பக்கத்தைத்தான் காட்டும்.

பிளாட் படங்களை (தூசி நிழல் போன்ற குறைகளைத் திருத்த, சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) அந்தி வெளிச்சத்தில், 16 பிட் கேமராவில் 25,000–30,000 கவுண்ட் வரும்படி எடுங்கள். அதன்பின் கேமராவைத் திருகவே கூடாது. திருகினால் தூசி வளையங்கள் இடம் மாறி, பிளாட் வீண். டார்க் படங்களுக்கு (ஒளி புகாமல் மூடி எடுப்பவை) சிறுகோள் படங்களின் அதே வெப்பநிலை, அதே எக்ஸ்போஷர்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பட்டைச் சிறுகோள், சூரியனுக்கு எதிரே இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகரும். விண்மீன் உருவின் அகலம் 3 வில்விநாடி என்றால் 3 நிமிட எக்ஸ்போஷர் வரை போகலாம். பூமியை நெருங்கி வருபவை இன்னும் வேகம், அதற்கேற்பக் குறையுங்கள்.

ஒப்பீட்டுக்குச் சூரிய நிறத்தை ஒத்த நான்கைந்து விண்மீன்கள் வேண்டும். சிவப்பு விண்மீனை எடுத்தால், வானில் இறங்க இறங்க வளிமண்டலம் அதன் ஒளியையும் சிறுகோளின் ஒளியையும் வெவ்வேறு அளவில் விழுங்கி, இல்லாத சரிவு ஒன்றை வளைவில் உண்டாக்கும். சிறுகோள் அடிவானிலிருந்து 30 பாகை உயரத்துக்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள்.

நள்ளிரவில் வளைவு திடீரென ஒரு படி ஏறினால் சிறுகோளைச் சந்தேகிக்க வேண்டாம். சிறுகோள் உச்சிக்கோட்டை (வானின் வடக்கு–தெற்குக் கோடு) கடக்கையில், தொலைநோக்கியைத் தாங்கும் ஜெர்மன் மவுண்ட் புரண்டு, படம் 180 பாகை திரும்பியிருக்கும். முன்பாதி, பின்பாதி இரண்டையும் தனித்தனித் தொகுதியாகக் கையாளுங்கள்.

மென்பொருள் ஈரோஸுக்கு 2.64 மணி என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். நீள்வடிவப் பொருள் ஒரு சுற்றில் இருமுறை அகலப் பக்கத்தைக் காட்டும், ஆக இரண்டு உச்சங்கள்; ஒரு உச்சத்தையே ஒரு சுற்றாக எண்ணினால் பாதிக் காலம்தான் வரும். (வாய்மொழித் தேர்வுக்கு ஏற்ற கேள்வி இது.) ஏற்ற இறக்கம் 0.2 மேக்னிட்யூடுக்குக் குறைவென்றால் மட்டும் இந்த அனுமானம் உறுதியல்ல. பெரிய சிறுகோளுக்கு 2.2 மணிக்குக் கீழே விடை வந்தால் கணக்கை மறுபடி பாருங்கள்: கற்குவியலான உடல் அந்த வேகத்தில் சிதறிவிடும்.

அறிக்கையில் நேரத்தை எக்ஸ்போஷரின் நடுப்புள்ளியாகக் குறித்து, ஒரு வானியல் அலகுக்கு 8.3 நிமிடம் வீதம் ஒளிப்பயண நேரத்தைக் கழியுங்கள். ஒரே இரவுத் தரவை வைத்துக்கொண்டு நான்கு தசம இலக்கம் எழுதாதீர்கள்.