சோலோவுக்கு முன் மெட்டாரைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது

சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் மாணவர் தனியாக விமானம் ஓட்டுவது, நெருங்கும்போது விஎஃப்ஆர் (வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான விதிகள்) எண்களை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஐசிஏஓ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி 10,000 அடிக்குக் கீழே பார்வைத்தூரம் 5 கி.மீ., மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி. கட்டுப்பாடில்லாத தாழ்வான வான்பரப்பில் கொஞ்சம் சலுகை உண்டு. நாட்டுக்கு நாடு மாற்றங்களும் உண்டு. எண்ணை மெட்டாரோடு (விமான நிலையத்தின் அப்போதைய வானிலை அறிக்கை) பொருத்தும்போதுதான் சறுக்கும்.

உதாரணத்துக்கு, கட்டுப்பாட்டில் உள்ள ஒரு விமான நிலையத்தின் மெட்டாரில் பிகேஎன்018 என்று வருகிறது. வானத்தின் பெரும்பகுதியை மேகம் மூடியிருக்கிறது, அதன் அடிப்பகுதி 18 நூறு அடியில் என்று பொருள். 1,800 அடி, தாராளம் என்று தோன்றும். ஆனால் அது நிலையத்தின் தரையிலிருந்து எண்ணிய உயரம். க்யூஎன்ஹெச் (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) வைத்த ஆல்டிமீட்டரோ, அதாவது உயரமானியோ, கடல்மட்டத்திலிருந்து காட்டும். நிலையம் 600 அடி உயரத்தில் இருந்தால், மேகத்தின் அடிப்பகுதி ஆல்டிமீட்டரில் 2,400. ஆயிரத்தைக் கழித்தால் 1,400. அதற்கு மேல் ஏறக்கூடாது. தரையிலிருந்து 1,000 அடியில் சர்க்யூட் (ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கும் பாதை) என்றால் ஆல்டிமீட்டரில் 1,600 வேண்டும். ஆக, சர்க்யூட்டுக்கே வழியில்லை. இந்தக் கழித்தலைத் தரையிலேயே காகிதத்தில் போட்டுவிடுங்கள். மேலே போனபின் யாருக்கும் கணக்கு வராது.

5 கி.மீ. பார்வைத்தூரமும் கேட்பதற்குத்தான் பெரிது. 100 நாட்ஸ் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகத்தில் அதைக் கடக்க சுமார் 97 வினாடி. புகைமூட்டத்தில் சூரியனைப் பார்த்துப் பறந்தால் ஓடுதளம் இன்னும் தாமதமாகத்தான் கண்ணில் படும். சோலோவுக்கு 5 கி.மீ. போதாது என்பதே என் கருத்து.

காற்றில் இரண்டு தவறுகள் சகஜம். மெட்டார் தருவது உண்மை வடக்கை வைத்த திசை. டவர் சொல்வதும் ஓடுதள எண்ணும் காந்த வடக்கை வைத்தவை. அடுத்தது, கஸ்ட்டை (இடையிடையே திடீரெனப் பலமாக வீசும் காற்று) விட்டுவிட்டுக் கணக்கிடுவது. 12 நாட்ஸ், கஸ்ட் 20, ஓடுதளத்துக்கு 30 டிகிரி விலகல் என்றால் பக்கக்காற்று 20-இல் பாதி, அதாவது 10. பயிற்றுநர் எழுதிக் கொடுத்த வரம்பு 8 என்றால் அன்று சோலோ இல்லை. விமானக் கையேட்டில் 15 என்று இருப்பது டெஸ்ட் பைலட் காட்டிய அளவு. அதை வைத்து வாதாடாதீர்கள்.

டிஏஎஃப்பில் (விமான நிலைய வானிலை முன்னறிவிப்பு) டெம்போ, அதாவது தற்காலிக மாற்றம், என்று வருவதைச் சோலோவுக்கு முழுநேர வானிலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் தீரும் என்பதுதான் அதன் பொருள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் இறங்கும் நேரமாக இருக்கலாம்.

கிளம்பும் முன் கடைசி மூன்று மெட்டாரை வரிசையாக வைத்து வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டையும் பாருங்கள். 27/22, 26/23, 25/23 என்று இடைவெளி சுருங்கினால், அதுவும் மாலையில் காற்று அடங்கியிருந்தால், மூடுபனி பின்னாலேயே வரும்.