தலைமன்னார் முதல் தனுஷ்கோடி வரை: கால்வாய்ப் பாடம் இங்கே செல்லாது

நெடுந்தூரக் கடல் நீச்சல் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலக் கால்வாயை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே தண்ணீர் 15 முதல் 18 டிகிரி. உடம்பில் கொஞ்சம் கொழுப்பு ஏற்று, ஐஸ் தண்ணீரில் குளித்துப் பழகு, சூடான பானம் குடி என்பார்கள். இலங்கையின் தலைமன்னாருக்கும் நம் தனுஷ்கோடிக்கும் நடுவே உள்ள பாக் நீரிணையில் மார்ச், ஏப்ரலில் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும். தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். கால்வாய் 33 கி.மீ., இது சுமார் 30 கி.மீ. ஆனால் ஆளை வீழ்த்தும் காரணங்கள் வேறு. இங்கே எதிரி குளிர் அல்ல. சூடு, உப்பு, நீரோட்டம்.

முதலில் வேகம். உங்கள் வேகம் என்ன என்று தெரியாமல் எந்தத் திட்டமும் போட முடியாது. நன்றாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டு 400 மீட்டரை முழு வேகத்தில் நீந்துங்கள். போதுமான ஓய்வு எடுத்துவிட்டு 200 மீட்டர். 400-க்கு 7 நிமிடம் 20 விநாடி, 200-க்கு 3 நிமிடம் 30 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3:50. அதை இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கு 1:55. இது ஒரு மணி நேரத்துக்குள் தாக்குப்பிடிக்கும் வேகம். பத்து மணி நேரத்துக்கு 2:05 என்று எடுத்துக்கொள்வதே நியாயம். அதாவது மணிக்கு 3 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

இப்போது நீரோட்டம். மீனவர்கள் நீவாடு என்பார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு திசை, தென்மேற்குப் பருவத்தில் எதிர்த்திசை. இரண்டுக்கும் நடுவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிடைக்கும் அமைதியான நாட்களில்தான் பெரும்பாலான முயற்சிகள் நடக்கின்றன. அமைதி என்றாலும் ஓட்டம் நின்றுவிடுவதில்லை. பக்கவாட்டில் மணிக்கு 1 கி.மீ. ஓட்டம் இருந்தால் கணக்கு இப்படி: 3 கி.மீ. வேகக்காரர் ஓட்டம் வரும் பக்கமாகச் சுமார் 20 டிகிரி திரும்பி நீந்த வேண்டும். கரை நோக்கி அவருக்குக் கிடைக்கும் வேகம் 2.8. பத்து மணி நேர நீச்சல் பத்தரையைச் சற்றுத் தாண்டும். மணிக்கு 2 கி.மீ. போகிறவரோ 30 டிகிரி திரும்ப வேண்டும், கிடைப்பது 1.7 மட்டும். பதினைந்து மணி நேரம் பதினேழேகால் ஆகிவிடும். மெதுவாக நீந்துபவரிடம் கடல் வட்டி அதிகமாக வாங்குகிறது. அதனால் தூரப் பயிற்சி மட்டும் செய்து வேகத்தைக் கைவிடுவது தப்பு. வாரத்தில் ஒரு நாளாவது 20 × 100 மீட்டர், மேலே கண்டுபிடித்த 1:55-இல், நடுவில் 15 விநாடி ஓய்வோடு.

மற்ற நாட்கள் எளிமையானவை. வாரம் 15 கி.மீ.யில் தொடங்கி, வாரத்துக்குப் பத்து சதவீதம் ஏற்றி, ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். நாலைந்து மாதத்தில் 35 கி.மீ. வரும். உச்சம், முயற்சிக்கு ஐந்து வாரம் முன்பு: சனிக்கிழமை 6 மணி நேரம், ஞாயிறு 4 மணி நேரம், இரண்டும் கடலில். இரண்டாம் நாளின் முதல் மணி நேரத்தில் தோள் எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான தேர்வு. வலி தோளின் முன்பக்கம் குத்தினால் பெரும்பாலும் கை தண்ணீருக்குள் நுழையும் விதத்தில் கோளாறு: கட்டைவிரல் முதலில் இறங்குகிறது, அல்லது கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டுகிறது. விரல்நுனி முதலில், தோளுக்கு நேராக இறங்கட்டும். குளத்தில் பழகும்போது சுவரைத் தொடாமல் சற்று முன்பே திரும்புங்கள். 25 மீட்டர் குளத்தில் சுவரை உதைத்துப் பெறும் இலவசத் தூரம் கடலில் கிடையாது.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். 750 மி.லி. தண்ணீர், 40 கிராம் குளுக்கோஸ் பவுடர் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி), 20 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு. இதை இரண்டாகப் பிரித்து அரை மணிக்கு ஒரு தடவை. இதைவிடக் கெட்டியாகக் கலந்தால் வயிற்றிலேயே தேங்கும்; ஏற்கெனவே விழுங்கிய கடல் உப்போடு சேர்ந்து வாந்தியாக வெளியே வரும். ஓ.ஆர்.எஸ். மட்டும் போதுமே என்பவர்களுக்கு: ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அது பேதிக்கு மருந்து, பத்து மணி நேர உழைப்புக்குச் சாப்பாடு அல்ல. வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குழப்பம் வரும். எலுமிச்சை பிழிய வேண்டாம். ஐந்தாறு மணி நேரத்தில் உப்பு நாக்கைத் தோலுரித்திருக்கும், புளிப்பு பட்டால் எரியும். வாய் கொப்பளிக்க ஒரு மடக்கு நல்ல தண்ணீர் தனியாகக் கொடுப்பது பெரிய ஆறுதல்.

படகைத் தொடக் கூடாது என்பது விதி. அகன்ற வாய் பாட்டிலில் மேலே கொஞ்சம் காற்று விட்டு, ஆறு மீட்டர் கயிற்றில் கட்டி எறிய வேண்டும். மல்லாந்து கால் உதைத்தபடி குடிக்கப் பழகினால் 30 விநாடியில் முடியும். ஒவ்வொரு தடவையும் பேசிக்கொண்டு 2 நிமிடம் நின்றால், 20 தடவைக்கு 40 நிமிடம். அந்த நேரத்தில் ஓட்டம் உங்களை அரை கி.மீ.க்கு மேல் இழுத்துப் போயிருக்கும்.

படகில் இருப்பவர்கள் கைவீச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 64 என்று தொடங்கியவர் 54-க்கு இறங்கினால், பேச்சு கொடுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருவருக்கு மயிர்க்கூச்செறிந்தால், குளிர்கிறது என்றால், அதைக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். உடம்புச் சூடு ஏறிவிட்டதற்கான அடையாளமாக இருக்கலாம். பதில் குழறினால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், கரை கண்ணில் தெரிந்தாலும் சரி. வெயில் ஏறியபின் பானத்தை ஐஸ் பெட்டியிலிருந்து கொடுப்பது, தடித்த சிலிகான் தொப்பிக்குப் பதில் மெல்லிய லேடக்ஸ் தொப்பி, இரண்டும் உதவும்.

நாட்டுப்படகோ விசைப்படகோ நடை வேகத்துக்கும் குறைவாக ஓடுவதற்குச் செய்ததல்ல. ஒரு ஃபைபர் படகோ கயாக்கோ பக்கத்தில், பெரிய படகு தள்ளி. பெரிய படகு காற்று வரும் பக்கம் நின்றால் அலை தணியும், ஆனால் டீசல் புகை நீந்துபவர் முகத்தில் அடிக்கும். படகும் அவர் மேல் ஒதுங்கும். புகையைச் சுவாசித்தால் ஒரு மணி நேரத்தில் குமட்டல். காற்று போகும் பக்கம் நிறுத்துவதே மேல். பெரும்பாலும் இருட்டில்தான் தொடங்குகிறார்கள், எனவே நீச்சல் கண்ணாடிப் பட்டையிலும் இடுப்பிலும் ஒவ்வொரு ஒளிக்குச்சி. படகு விளக்கைத் தண்ணீர் மேல் நேராக அடிக்க வேண்டாம்; மீன் வரும், சொறிமீனும் (ஜெல்லி மீன்) வரலாம். சொறிமீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல் நீரிலேயே அலசி இழைகளை எடுங்கள். மூச்சு இறுகினால் நீச்சலை நிறுத்துவதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

உராய்வு: அக்குள், கழுத்து, தொடையிடுக்கு, உடுப்பின் ஓரங்கள். முதலில் ஜிங்க் ஆக்ஸைடு உள்ள வெயில் களிம்பு, அது காய்ந்தபின் லனோலினும் (ஆட்டுக் கம்பளி மெழுகு) வாஸ்லினும் சம பங்கு. பூசுவது இன்னொருவராக, கையுறையோடு இருக்கட்டும். பிசுக்குக் கை ஒரு தடவை கண்ணாடியில் பட்டால் கடலுக்குள் அதைத் துடைக்க வழியே இல்லை. மாற்றுக் கண்ணாடி இரண்டு படகில் இருக்கட்டும்.

அனுமதி தனிக் கதை. நடுவே சர்வதேச எல்லை போகிறது. இரு நாட்டு அரசுகள், இந்தியக் கடலோரக் காவல்படை, இலங்கைக் கடற்படை என்று கடிதங்கள் மாதக்கணக்கில் அலையும். பயிற்சியைத் தொடங்கும் அன்றே விண்ணப்பத்தையும் தொடங்கிவிடுங்கள்.

இந்தக் கடல் புதியவர்களுக்கு வழிவிடாத கடல் ஒன்றும் அல்ல. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954-லேயே இந்த நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் போய்த் திரும்பியதற்கு ஆன நேரம் 51 மணி. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 1966-இல் இந்திய நீச்சல் வீரர் மிஹிர் சென்னுக்கு இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தது; 1994-இல் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் நீரிணையை நீந்தினார்.

கரையேறும்போது ஒரு சங்கதி. பத்து மணி நேரம் படுத்தே இருந்த உடம்பு சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் விழும், கண் இருட்டும். முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து, பத்து மூச்சு விட்டு, பிறகு எழுந்து நடங்கள். தண்ணீர்க் கோட்டை முழுதும் தாண்டும்வரை யாரும் கை கொடுக்கக் கூடாது என்று, மாலையோடு காத்திருக்கும் உறவினர்களிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.