ஒரு நூல், நாலு நட்டு, ஒரு ஊசல்

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது), சார்ந்த மாறி (அதனால் மாறுவது) என்று வரையறை மனப்பாடம் பண்ணச் சொல்வதற்கு முன்னால், ஒரு நூலையும் நாலு நட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள், ப்ளீஸ். கதவு நிலையில் கட்டித் தொங்கவிட்டால் ஊசல் தயார். அளக்கப் போவது ஒரு அலைவுக்கு, அதாவது ஒரு முறை போய்த் திரும்பி வர, ஆகும் நேரம். ஒன்றை மட்டும் அளந்தால் விரல் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும், அதனால் 10 அலைவுக்கு செல்போனில் நேரம் பார்த்து 10ஆல் வகுக்கட்டும்.

எடை கூடினால் வேகமாக ஆடுமா? பெரும்பாலும் "ஆமா" என்பார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று இன்னொரு நட்டைச் சேர்க்கும்போதுதான் கவனம் வேண்டும்: ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் எடையோடு சேர்ந்து ஊசலின் நீளமும் கூடிவிடும், நேரம் மாறியதற்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா நட்டையும் ஒரே மட்டத்தில் சேர்த்துக் கட்டினால் நேரம் மாறாது.

அப்புறம் எடையைத் தொடாமல், சிறிய கோணத்தில் ஒரே அளவாக இழுத்துவிட்டு, நீளத்தை மட்டும் மாற்றட்டும். மேல் முடிச்சிலிருந்து நட்டின் நடுவரை 25 செ.மீ. இருந்தால் ஏறக்குறைய 1 விநாடி, 1 மீட்டர் இருந்தால் 2 விநாடி. நீளம் நாலு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு! ஏன் என்று பிள்ளை கேட்கும். உடனே சூத்திரத்தை எடுத்து நீட்டாதீர்கள், 50 செ.மீ.க்கு என்ன வரும் என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.