கோழிக்கம்பிக்குள் பிறந்த டென்னிஸ்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இப்போது பிக்கல்பால் பைத்தியம், கட்டை மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை அடிக்கும் ஆட்டம். பூப்பந்து (பேட்மிண்டன்) கோடுகளுக்கு மேலேயே மஞ்சள் டேப்பை ஒட்டிவிட்டு ஆடுகிறார்கள். தங்கை மகன் ஒருநாள் "மாமா, இது புத்தம்புது கேம், உங்க காலத்துல இல்ல" என்றான். புதுசெல்லாம் இல்லைடா. பிக்கல்பாலே 1965இல் வந்தது. அதற்கு 37 வருடம் முன்பு நியூயார்க் பக்கத்தில் தொடங்கிய, கம்பி வேலி சூழ்ந்த மேடையில் ஆடும் பிளாட்பார்ம் டென்னிஸும் கடைசியில் இதே 44க்கு 20 அடிக் கோர்ட்டில்தான் வந்து நின்றது, வலையின் நடு உயரம்கூட அதே 34 அங்குலம். இரண்டுக்கும் அளவு நம் பூப்பந்து இரட்டையர் கோர்ட்டின் அளவேதான்.

ஸ்கார்ஸ்டேல் என்று ஒரு ஊர், நியூயார்க் நகரில் வேலை பார்க்கும் வசதியானவர்கள் வீடு கட்டிக் குடியிருந்த இடம். குளிர்காலம் வந்தால் டென்னிஸ் கோர்ட் பனியில் மூடிக்கொள்ளும், வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். ஜேம்ஸ் காக்ஸ்வெல், ஃபெசெண்டன் பிளான்சார்ட் என்ற இரண்டு நண்பர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1928 கடைசியில், ஓல்ட் ஆர்மி ரோட்டில் இருந்த காக்ஸ்வெல்லின் நிலத்தில் பலகையடித்து மேடை போட்டார்கள். நிலமோ சரிவு, நடுவே பாறை. அதனால் கால்கள் நட்டு உயர்த்தி, பாறை விட்ட இடத்துக்குள் 48க்கு 20 அடியில் முடித்துக்கொண்டார்கள். முதலில் நினைத்தது பூப்பந்துதான், ஆனால் காற்று இறகுப்பந்தைத் தூக்கிக்கொண்டு போனது. அப்புறம் சின்ன கோர்ட்டில் ஆடும் பேடில் டென்னிஸின் கட்டை மட்டையையும் ரப்பர் பந்தையும் எடுத்தார்கள். அந்தப் பேடில் டென்னிஸ் ஃபிராங்க் பீல் என்பவர் 1898இல் மிச்சிகனில் உருவாக்கியது, 1921இலேயே நியூயார்க் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான் வருகிறது. மேடையை விட்டுத் தாண்டிய பந்தெல்லாம் சரிவில் உருண்டு புதருக்குள் போய்விடும், குளிரில் யார் தேடுவது? சுற்றிலும் கோழிக்கம்பி கட்டினார்கள். பந்து பொறுக்கும் வேலையை மிச்சப்படுத்தத்தான் கட்டினார்கள், அதுவே ஆட்டத்தை மாற்றிவிட்டது. கோட்டுக்குள் ஒருமுறை குத்திய பந்து பின்னால் போய்க் கம்பியில் பட்டுத் திரும்பினால், இரண்டாவது முறை தரையில் விழுவதற்குள் அடிக்கலாம் என்று விதி வந்தது. பூப்பந்தில் ஓங்கி ஒரு ஸ்மாஷ் போட்டால் வேலை முடிந்தது. இங்கே எவ்வளவு ஓங்கி அடிக்கிறீர்களோ அவ்வளவு நன்றாகக் கம்பியிலிருந்து திரும்பி வரும். கம்பி பந்தின் வேகத்தைக் குடித்துவிட்டு மெதுவாகக் கீழே விடுகிறது, எதிராளி முதுகைக் காட்டி நின்று காத்திருந்து எடுத்துத் தூக்கிப் போட்டுவிடுவார். மூலையில் இரண்டு பக்கக் கம்பியிலும் பட்டு வரும் பந்து எங்கே விழும் என்று கணக்குப் போடுவது தனிக்கலை. சர்வீஸும் ஒன்றே ஒன்றுதான், தவறினால் புள்ளி போச்சு. கை பலத்தைவிடப் பொறுமைக்கு மதிப்பு அதிகம், அதனால் மனைவிமாரும் ஆரம்பத்திலிருந்தே களத்தில் இருந்தார்கள்.

சரி, கிளப்புகளுக்கு வருவோம். பக்கத்திலிருந்த ஃபாக்ஸ் மெடோ டென்னிஸ் கிளப் 1931இல் மேடை போட்டது, ரை ஊரின் மனுர்சிங் ஐலண்ட் கிளப்பும் சேர்ந்துகொண்டது. 1934இல் சங்கம், 1935இல் ஃபாக்ஸ் மெடோவில் முதல் தேசியப் போட்டி. குளிர்காலத்தில் பூட்டிக் கிடந்த கிளப்புகளுக்கு இது வரப்பிரசாதம். மேடை 60க்கு 30 அடியாக, கம்பி 12 அடி உயரமாக நிலைத்தது. சிகாகோ புறநகர்களும் பின்னாளில் பிடித்துக்கொண்டன.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. மேடை எழும்பிய 1928 கடைசியில்தான் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டமும் முடிவுக்கு வந்தது. உலகத்திலேயே அதிகமாக ரப்பர் வாங்கியது அமெரிக்கா, அதிகமாக அனுப்பியது மலாயா. ஃபாக்ஸ் மெடோ மேடை போட்ட காலத்தில் ரப்பர் விலை தரைமட்டமாகி, தோட்டத்தில் வேலை பார்த்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஸ்கார்ஸ்டேல்காரர்கள் ஒரு பொழுதுபோக்கைக் கண்டுபிடித்ததில் தப்பில்லை, ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் நெஞ்சு கனக்கிறது.

இங்கே மலாயாத் தோட்டங்களிலும் கிளப்புகள் இருந்தன. வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஒன்று, கிராணிமாருக்கு (குமாஸ்தாக்களுக்கு) ஒன்று. துரை கிளப் டென்னிஸ் கோர்ட்டில் நம்மவர்கள் ரோலர் இழுத்தார்கள், பந்து பொறுக்கினார்கள், மட்டையைத் தொட்டதில்லை. பூப்பந்துக்கு அந்தத் தடை இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் செம்மண்ணைச் சமப்படுத்தி, இரண்டு பாக்கு மரக் கம்பம், சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான் செலவு. 1949இல் பூப்பந்தின் உலக அணிப் போட்டிக்கான முதல் தாமஸ் கிண்ணத்தையே மலாயா தூக்கி வந்தது. பிளாட்பார்ம் டென்னிஸ் கோழிக்கம்பியிலும் பலகையிலும் பிறந்தும் கிளப் வேலியைத் தாண்டாததற்குக் காரணம் என் கணக்கில் அந்த மேடைதான். ஒரு கோர்ட்டுக்கு நான்கு பேர்தான், அதற்கு ஒரு வீட்டுக்கான மரம் வேண்டும். அப்புறம் அலுமினிய மேடை, பனி உருக அடியில் ஹீட்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போனது.

ஆனால் ஒன்று, தரையை விட்டு உயர்ந்து, தண்ணீர் அடியில் வடிந்துபோகும்படி போட்ட அந்த மேடை நம் சாயங்கால மழைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். மழை விட்டதும் ஈரத்தைத் துடைத்துவிட்டு ஆட ஆரம்பிக்கலாம், ஹீட்டர் செலவும் மிச்சம். தங்கை மகனிடம் சொன்னேன். "கம்பியை நான் கட்டுறேன் மாமா, மேடைக்கு ஸ்பான்சர் நீங்க" என்கிறான்.