அவள் கையைப் பிடித்தபோது

கல்லூரித் தோழி ஒருத்தியின் கையைப் பல வருடம் கழித்துப் பிடித்தேன். வெயில் நேரம், ஆனாலும் விரல்கள் சில்லென்று இருந்தன. முழங்கையில் குழந்தைக்கு இருப்பது மாதிரி மெல்லிய பூனைமுடி. "நல்லா ஒல்லியாயிட்டடி" என்று பாராட்டிவிட்டு வந்தேன். இன்றுவரை உறுத்துகிறது.

அது அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோய் என்று அப்புறம்தான் தெரிந்தது. உடம்பு சூட்டைக் காப்பாற்றத் திணறும்போது அப்படி முடி முளைக்குமாம்.

2011இல் 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசலைப் படித்தேன். அனோரெக்ஸியா உள்ளவர்கள் இறக்கும் விகிதம், அதே வயதுள்ள மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 6 மடங்கு. அந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை. பட்டினிதான் கொல்லும் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

புலிமியா என்று இன்னொரு நோய், அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி மாதிரி வழிகளில் வெளியேற்றுவது. அதில் எடை சாதாரணமாகவே இருக்கலாம், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். இதயத்துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று நின்றுவிடக்கூடும். அனோரெக்ஸியாவிலும் இதயம் தப்பாது. அந்த நோய் இருந்த அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983இல் இதயம் செயலிழந்து இறந்தபோது வயது 32.

இன்னொன்று, "நல்லா சாப்பிடு" என்று ஒரேயடியாகத் திணிப்பதும் ஆபத்து. ரொம்ப நாள் காய்ந்த உடம்பில் திடீரென்று உணவு சேர்ந்தால், ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சட்டென்று சரிந்துவிடும். மருத்துவர் மேற்பார்வையில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

அவள் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். நேற்று பேசினோம். எடையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தூக்கம் வருதா?" என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள், அப்புறம் நிறையப் பேசினாள்.